ஹித்ரா தீவில் ஒரு மீன் கணக்கு

மீன் சாப்பிடாத வாசகிகள் தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் குறிப்பு அல்ல, கணக்குப் பாடம். அதுவும் பள்ளிக்கூடத்துக் கணக்கு அல்ல. மாதக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டிப் பார்த்து, "இந்த மாதம் ஏன் இருபத்தைந்தாம் தேதிக்கே தீர்ந்து போயிற்று?" என்று நாம் மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறோமே, அந்த ரகம். நார்வே தேசத்தார் அந்தக் கணக்கைக் கடலுக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். அதை நேரில் பார்த்து வருவதற்குத்தான் ஒரு செப்டம்பர் மாதம் நான் பிரயாணம் புறப்பட்டேன்.

"மீனைக் கடலில் பிடிப்பார்கள். வளர்க்கக் கூடவா செய்வார்கள்?" என்று பெட்டி கட்டும்போது அம்மா கேட்டாள். அம்மா, மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் கூடையில் போட்டவள் அல்ல.

"ஆமாம் அம்மா. நாம் தொழுவத்தில் மாடு வளர்க்கிற மாதிரி, அவர்கள் கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறார்கள்" என்றேன்.

"அப்படியானால் தீனிச் செலவு என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டு வா" என்றாள் அம்மா.

ஆசிரியர் எனக்குக் கொடுத்தனுப்பிய கட்டளைகள் ஒரு பக்கம் நீளம். போன இடத்தில் எனக்கு உதவியது என்னவோ அம்மாவின் இந்த ஒரு வரிக் கட்டளைதான்!

அக்காவின் வீடு

நார்வேயின் நடுப்பகுதியில், கடல் உள்ளே வளைந்து வரும் ஓர் இடத்தில் இருக்கிறது ட்ரான்ஹைம் நகரம். பழைய பெரிய தேவாலயம், ஆற்றங்கரையில் மரக் கிடங்குகள், பல்கலைக்கழகம், நிறைய சைக்கிள்கள். அந்த ஊரில் நான் தங்கியது ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டில். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே வெங்காயம் வதங்கும் மணம் வந்து வரவேற்றது. குளிர் தேசத்தில் அந்த மணத்துக்கு உள்ள மகிமையை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்றொரு மாகாணம் உண்டு. குளிர் காலத்தில் வாரக் கணக்கில் சூரியனே தலை காட்டாத பூமி. அங்குள்ள மீன் ஆலைகளில் 1980களில் ஏராளமான இலங்கைத் தமிழர்கள் வேலை பார்த்தார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நாள் முழுதும் நின்றபடியே மீனைக் கீறித் துண்டு போடும் வேலை. இன்று வேறு உத்தியோகம், சொந்த வீடு, கல்லூரிக்குப் போகும் பேத்தி. ஆனாலும் மீன் என்றதும் அக்காவின் கண்ணில் ஒரு பரீட்சை அதிகாரியின் பார்வை வந்துவிடுகிறது.

"தங்கச்சி, நானும் வாறன். மீனை வெட்டியிருக்கிறன், தின்றிருக்கிறன். வளர்க்கிற இடத்தை உள்ளுக்க போய்ப் பார்த்ததில்லை" என்றாள் அக்கா. எனக்குக் கார் ஓட்டியும் கிடைத்தாயிற்று, மொழிபெயர்ப்பாளரும் கிடைத்தாயிற்று!

கடலுக்கு அடியில் ஒரு சாலை

ட்ரான்ஹைமிலிருந்து மேற்கே ஹித்ரா தீவுக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மலை, காடு, நடுவே கண்ணாடி மாதிரி கடல் நீர். எதிரே வரும் லாரிகளில் பலவற்றில் மீன்தான். அதனால் இந்தச் சாலைக்குச் 'சால்மன் சாலை' என்றே பெயர் வழங்குகிறது. தீவுக்குப் பாலம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது கார் திடீரென்று பூமிக்குள் இறங்க ஆரம்பித்தது. 1994ல் திறந்த சுரங்கப் பாதை. ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் மட்டத்துக்குக் கீழே 264 மீட்டர் வரை இறங்கி மறுபடி ஏறுகிறது. என் தலைக்கு மேலே அத்தனை தண்ணீரும் நிற்பதை நினைத்துக்கொண்டு நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

ஹித்ரா பாறையும் புதரும் நிறைந்த தீவு. இங்கேதான் 1970ல் சீவர்ட், ஊவெ என்ற இரு சகோதரர்கள், க்ரோன்ட்வெட் குடும்பத்தார், சால்மன் குஞ்சுகளை மிதக்கும் கூண்டில் விட்டு வளர்த்து வெற்றி கண்டார்கள். அதற்கு முன்னால் கடலோரத்தில் அணை கட்டித் தண்ணீரை மறித்து வளர்த்துப் பார்த்தவர்கள் உண்டு, பலருக்குக் கைகொடுக்கவில்லை. சகோதரர்களின் யோசனை எளிமையானது. எட்டு மூலை மரச் சட்டம் ஒன்று. அதிலிருந்து கடலுக்குள் தொங்கும் ஒரு வலைப் பை. அலையோடு சட்டம் மேலும் கீழும் ஆடும். கடல் நீர் வலைக்குள் புகுந்து அழுக்கை அடித்துக்கொண்டு போகும். மேலே நின்று தீனி போடலாம். அந்த ஒரு கூண்டிலிருந்து கிளைத்த தொழில், இன்று ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மனை உலகத்துக்கு அனுப்புகிறது!

தராசு இல்லாத நிறுவை

நாங்கள் போன பண்ணை கரையிலிருந்து படகில் கால் மணி தூரம். ஆரஞ்சு நிறத்தில், தலை முதல் கால் வரை மூடும் மிதவை உடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டதும் நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்து ஐந்து நிமிஷம் சிரித்தோம்.

கடல் நடுவில் பெரிய பெரிய வளையங்கள் மிதந்தன. ஒவ்வொன்றும் குறுக்கே 50 மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் வலை ஆழத்துக்குத் தொங்குகிறது. ஒரு கூண்டில் இரண்டு லட்சம் மீனுக்கு மேல் விடக் கூடாது என்பது சட்டம். நெரிசலுக்கும் சட்டம் உண்டு: ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு, அதாவது ஆயிரம் கிலோ தண்ணீருக்கு, 25 கிலோ மீனுக்கு மேல் இருக்கலாகாது. நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு இப்படி ஒரு சட்டம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வளையங்களுக்கு நடுவே வீடு மாதிரி ஒரு மிதவைக் கப்பல். அங்கே எங்களை வரவேற்றவர் ஓர் அம்மணி. ஐம்பது வயது இருக்கலாம். காற்றில் சிவந்த முகம், கெட்டியான கைகள். மிதவையில் அவர்தான் கணக்குப்பிள்ளை, காவற்காரி, வைத்தியருக்கு உதவியாள், எல்லாம்.

முதலில் காப்பி வந்தது. பிறகு பாடம் ஆரம்பித்தது.

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும் ஜாதி. பண்ணையிலும் அதே முறைதான். முட்டை, குஞ்சு எல்லாம் கரையில் நன்னீர்த் தொட்டியில். முட்டை பொரிகிற நாளைக் கூட இவர்கள் காலண்டரில் எண்ணுவதில்லை. சூட்டோடு பெருக்கி எண்ணுகிறார்கள். தண்ணீர் 8 டிகிரி என்றால் ஒரு நாளுக்கு எட்டு மதிப்பெண். இப்படிச் சுமார் 500 சேர்ந்தால் முட்டை பொரியும். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் தாமதம். மாவு புளிப்பதற்கு மார்கழிக்கு ஒரு கணக்கு, சித்திரைக்கு ஒரு கணக்கு என்று நாம் வைத்திருக்கிறோமே, அதேதான்.

குஞ்சு ஒரு வருஷம் போல நன்னீரில் வளர்ந்து, உப்பு நீருக்குத் தயாரானதும் கடல் கூண்டுக்கு வரும். பிறகு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷத்துக்கு மேல் வரை கடல் வாசம். நாலைந்து கிலோ தேறியதும் அறுவடை.

"இத்தனை மீனும் எவ்வளவு எடை என்று எப்படித் தெரியும்? தூக்கி நிறுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அம்மணி ஒரு திரையைக் காட்டினார். கூண்டுக்குள் இரட்டைக் கண் உள்ள காமிரா தொங்குகிறது. எதிரே நீந்திப் போகும் மீனின் நீளத்தையும் உயரத்தையும் அது அளக்கிறது. அதிலிருந்து எடையைக் கணக்கிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான மீன்களைப் பார்த்துச் சராசரி சொல்கிறது. "இந்தச் சராசரி தவறினால் எல்லாமே தவறும். எடை தெரிந்தால்தான் தீனி அளவு தெரியும், தீனி அளவு தெரிந்தால்தான் செலவு தெரியும்" என்றார்.

ஒன்றுக்கு ஒன்று!

இப்போது அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. "தீனிச் செலவு என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

"மீன் வளர்க்கும் மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி தீனிக்குத்தான்" என்றார் அம்மணி. அதனால்தான் தீனி போடுவது பெரிய வித்தையாகிவிட்டது. மிதவைக் கப்பலின் வயிற்றில் தீனிக் கிடங்கு. அங்கிருந்து குழாய் வழியாகக் காற்றின் வேகத்தில் தீனி மணிகள் பறந்து போய்க் கூண்டின் மேல் மழையாகக் கொட்டுகின்றன. அடியில் இருக்கும் காமிராவை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தால் பசி இருக்கிறது. மணிகள் தின்பாரின்றி ஆழத்துக்கு இறங்கினால் போதும் என்று அர்த்தம்; உடனே நிறுத்திவிட வேண்டும். வேண்டாம் என்ற பிறகும் வாயில் திணிக்கும் நம் வீட்டு விருந்து உபசாரம் அங்கே செல்லாது.

ஒரு பிடி மணிகளை உள்ளங்கையில் கொட்டினார். பழுப்பு நிறம், எண்ணெய்ப் பசை. அக்கா முகர்ந்து பார்த்து, "கருவாட்டு வாசம் அடிக்குது" என்றாள். ஆனால் இன்றைய மணியில் கருவாட்டுப் பங்கு குறைவுதான். 1990ல் இந்தத் தீனியில் பத்தில் ஒன்பது பங்கு மீன் தூளும் மீன் எண்ணெயுமாகவே இருந்தது. மீன் வளர்க்க மீனையே கொல்வது என்ன நியாயம் என்று உலகம் கேட்டது. விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. 2020ல் அது கால் பங்குக்கும் குறைந்துவிட்டது. மீதி இடத்தைச் சோயா, கோதுமைப் புரதம், கடுகு இனத்து எண்ணெய் முதலியவை பிடித்துக்கொண்டன. சால்மன் கிட்டத்தட்ட அரைச் சைவமாகிவிட்டது என்று சொல்லலாம்!

"ஒரு கிலோ மீன் வளர எத்தனை கிலோ தீனி?" என்று கேட்டேன்.

"ஒரு கிலோவும் ஒரு நூறு கிராமும்" என்றார் அம்மணி.

நான் பென்ஸிலைக் கீழே போட்டேன். ஒரு கிலோ கோழிக்கே ஒன்றரை கிலோவுக்கு மேல் தீனி ஆகிறது. பன்றிக்கு மூன்று கிலோ போல. மாட்டுக்கு அதற்கும் பல மடங்கு. இந்த மீன் மட்டும் என்ன மாயம் செய்கிறது?

மாயம் ஒன்றும் இல்லை. தீனி காய்ந்த பண்டம்; மீன் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அது ஒரு சௌகரியம். அதோடு மீன் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள எரிபொருள் செலவழிப்பதில்லை. தண்ணீரே தாங்குவதால் நிற்பதற்கும் சிரமமில்லை. தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டுகிறது.

இந்த எண் தானாகவும் வந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் ட்ரிக்வெ யேட்ரெம் முதலிய நார்வே விஞ்ஞானிகள் சுமார் நாற்பது ஆறுகளிலிருந்து சால்மன் முட்டைகளைச் சேகரித்தார்கள். ஆடு மாடுகளில் நல்ல இனம் பொறுக்குகிற சாஸ்திரத்தை மீனுக்குப் பிரயோகித்தார்கள். நன்றாக வளர்ந்த குடும்பத்தின் பிள்ளைகளையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்குவது! சில தலைமுறைகளிலேயே மீன் இரு மடங்கு வேகத்தில் வளர ஆரம்பித்தது. கிலோவுக்கு ஆகும் தீனியும் குறைந்தது.

இன்னொரு வெற்றி மருந்துக் கணக்கில். 1987ல் நார்வேயின் மீன் பண்ணைகள் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் மருந்தைக் கடலில் கொட்டின. அப்போது வளர்த்த மீனோ கொஞ்சம்தான். பிறகு தடுப்பூசி வந்தது. குஞ்சுப் பருவத்திலேயே ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக ஊசி! இன்று பல மடங்கு அதிகமாக மீன் வளர்த்தும், ஆண்டுக்கு ஒரு டன் மருந்து கூடச் செலவாவதில்லை. ஊசி போட்டுக்கொள்ள அழும் நம் குழந்தைகளுக்கு இந்தச் சால்மன்களை உதாரணம் காட்டலாம்.

அக்கா கேட்ட கேள்வி

நான் பூரித்துப் போய் எழுதிக்கொண்டிருந்தேன். "ஒன்றுக்கு ஒன்று" என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. அக்கா மட்டும் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"என்ன அக்கா?" என்றேன்.

"எங்கட அம்மா ஊரில கோழி வளர்த்தவா, தங்கச்சி. மாசக் கடைசியில ஐயா கணக்குப் பார்ப்பார். முத்தத்தில நிக்கிற கோழியை எண்ணி, ஒரு கோழிக்கு இவ்வளவு தீன், இவ்வளவு முட்டை, ஆனபடியால் லாபம் எண்டு சொல்லுவார். அம்மா சிரிப்பா. 'செத்துப்போன கோழியும் சாகிற நாள் மட்டும் திண்டதுதானே? அதை ஆர் எழுதுறது?' எண்டு கேட்பா."

இதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அம்மணியிடம் திரும்பி நார்வே மொழியிலும் சொன்னாள்.

அம்மணியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. கோபம் இல்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "உங்கள் தாயார் எங்கள் தொழிலுக்கு வந்திருக்க வேண்டும்" என்று சொல்லி, இன்னொரு திரையைத் திறந்தார்.

அதில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண். செத்த மீன்களின் எண். கூண்டின் அடியிலிருந்து தினமும் அவற்றை எடுத்து, எண்ணி, எதனால் செத்தது என்று எழுத வேண்டும். எங்கள் எதிரே இருந்த கூண்டின் அன்றைய கணக்கு 41.

"நான் சொன்ன ஒரு கிலோ நூறு கிராம் பொய்யல்ல. மீன் தீனியை உடம்பாக மாற்றும் திறமைக்கு அது சரியான கணக்கு. அதில் செத்த மீனின் எடையையும் வளர்ந்த எடை என்று வரவு வைத்துவிடுகிறோம். விற்றுக் காசாக்கிய மீனை மட்டும் எண்ணினால் வேறு கணக்கு வரும்" என்றார்.

என் நோட்டிலேயே ஓர் உதாரணம் போட்டுக் காட்டினார். வாசகிகளும் பென்ஸில் எடுத்துக்கொள்ளலாம். நூறு மீன். எல்லாம் பிழைத்து ஆளுக்கு 5 கிலோ ஆனால், மீன் 500 கிலோ, தீனி 550 கிலோ. கிலோவுக்கு 1.1. இப்போது அதில் 15 மீன்கள் 4 கிலோ வரை வளர்ந்த பிறகு செத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்க இருப்பது 85 மீன், 425 கிலோ. செத்தவை தின்றதையும் சேர்த்தால் தீனி 533 கிலோவுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு ஒன்றே கால்!

"இதுதான் எங்கள் நாட்டின் நிஜமான கணக்கும் ஏறக்குறைய" என்றார்.

"அப்படியானால் இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடுமே!" என்றேன், பெரிய மேதாவி போல.

அம்மணி தலையை ஆட்டினார். "அதே பதினைந்து மீனும் 200 கிராம் குஞ்சாக இருக்கும்போதே செத்திருந்தால்? போட்டுப் பாருங்கள்."

போட்டேன். குஞ்சுகள் தின்றது மூன்று கிலோ சொச்சம். கிலோவுக்கு 1.11. எண் அசையவே இல்லை!

நான் நிமிர்ந்து பார்த்தேன். செத்தது அதே பதினைந்து உயிர். ஆனால் சின்ன வயதில் செத்ததால் கணக்குப் புத்தகத்துக்கு வலிக்கவில்லை.

"அதனால்தான் இந்தத் திரையைத் தனியாக வைத்திருக்கிறோம். தீனிக் கணக்கு நன்றாக இருக்கிற மாதத்தில்தான் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்றார் அவர்.

பேன் பார்க்கும் உத்தியோகம்

ஏன் சாகின்றன? அம்மணி எங்களைக் கூண்டின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். அன்று காலை எடுத்த மீன்கள் தொட்டியில் கிடந்தன. ஒன்றை எடுத்து, கட்டை விரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. சென்னை மார்க்கெட்டில் அம்மா செய்வது அச்சாக அதேதான்! சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளுத்து, திட்டுத் திட்டாக இருந்தது. செவுள் நோய் இந்தப் பண்ணைகளின் பெரிய சத்துருக்களில் ஒன்று.

இன்னொரு சத்துரு பேன். சிரிக்காதீர்கள், கடல் பேன்! மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு தோலையும் இரத்தத்தையும் தின்னும் சின்ன ஜந்து. பண்ணையில் பெருகினால், பக்கத்தில் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் பிடித்துவிடும். ஆகவே பேனுக்கும் சர்க்கார் கணக்கு உண்டு. வாராவாரம் மீன்களைப் பிடித்து, மயக்கம் கொடுத்து, பேன் எண்ண வேண்டும். சராசரியாக இரண்டு மீனுக்கு ஒரு பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்டுக் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வசந்த காலத்தில் ஐந்து மீனுக்கு ஒன்று! ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்ணை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேன் சீப்பு போடும் தாய்மார்கள் கூட இவ்வளவு கண்டிப்புக் காட்ட மாட்டார்கள்.

2017 முதல் கடற்கரை முழுவதையும் 13 பகுதிகளாகப் பிரித்து, சாலை விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி வைத்திருக்கிறார்கள். பேனால் காட்டுச் சால்மனுக்கு ஆபத்து குறைவான பகுதிக்குப் பச்சை. அங்கே உற்பத்தியைக் கூட்டலாம். மஞ்சளுக்கு இருந்தபடி இருக்க வேண்டும். சிவப்பு என்றால் குறைக்க வேண்டியதுதான்.

பேனை ஒழிக்கிற வழிகளில்தான் சிக்கல். மருந்துக்குப் பேன் பழகிப் போய்விட்டது. அதனால் மீனை எல்லாம் குழாயில் உறிஞ்சி, வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கிறார்கள். அல்லது நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். பேன் விழுகிறது. நோஞ்சான் மீனும், செவுள் நோய் உள்ள மீனும் அந்தச் சிரமம் தாங்காமல் செத்துப் போகிறது! பேனைத் தின்னும் வேறு ஜாதிச் சின்ன மீன்களையும் கூண்டில் விடுகிறார்கள். அவற்றிலும் ஏராளமாகச் செத்துப்போகின்றன.

2023ல் நார்வேயின் கடல் கூண்டுகளில் செத்த சால்மன் 6 கோடியே 28 லட்சம். நூற்றுக்கு 16.7. மறு ஆண்டு அது நூற்றுக்கு 15.4 ஆகக் குறைந்தது. அந்த எண்களை அந்நாட்டுக் கால்நடை மருத்துவக் கழகமே ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுகிறது. இவ்வளவு நல்ல தீனிக் கணக்கு வைத்திருக்கும் தேசத்தில், ஆறு மீனுக்கு ஒரு மீன் அறுவடையைக் காண்பதில்லை!

"இதைக் குறைக்க வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

வழிகள் பலவற்றை முயன்று பார்க்கிறார்கள். குஞ்சைக் கரையிலேயே அதிக நாள் வளர்த்துப் பெரிதாக்கிவிட்டுக் கடலுக்கு அனுப்பினால், கூண்டில் இருக்கும் காலம் குறைகிறது. பேன் மிகுதியாக இருப்பது மேல் நீரில் என்பதால், கூண்டை ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கிறார்கள். சுற்றிலும் சுவர் வைத்த மூடிய கூண்டுகளும் வந்திருக்கின்றன. எதற்கும் செலவு உண்டு. எதற்கும் புதுத் தொந்தரவும் உண்டு.

"எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்" என்றார் அம்மணி. "முன்பெல்லாம் காலையில் வந்ததும் எங்கள் முதல் கேள்வி, 'நேற்று எவ்வளவு தின்றது?' என்பது. இப்போது முதல் கேள்வி, 'நேற்று எத்தனை செத்தது, ஏன்?' என்பது. கேள்வியை மாற்றிய பிறகு பல காரியங்கள் தாமாகவே மாறின. நோயுள்ள கூண்டு என்று தெரிந்தால், பேன் கழுவுகிற நாளைத் தள்ளிப் போட யோசிக்கிறோம். முன்பு யோசித்ததில்லை."

திரும்பி வரும்போது

படகில் திரும்பும்போது மாலை வெயில் வளையங்களின் மேல் விழுந்தது. ஒரு சால்மன் துள்ளி, வெள்ளியாக மின்னி, மறுபடி விழுந்தது. அதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் மட்டும் அதன் செவுள் எப்படி இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டைத் திறந்து, "ஒன்றுக்கு ஒன்று" என்று நான் போட்ட அடிக்கோட்டை அழித்தேன். பக்கத்தில் 41 என்று எழுதினேன்.

இரவு அக்கா சால்மனைப் புளி விட்டு, யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். இலங்கையிலிருந்து ஃபின்மார்க் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த கைப்பக்குவம்! இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்கப் பார்த்தேன்.

"அதையும் சாப்பிடுங்கோ, தங்கச்சி. அது வளர எவ்வளவு தீன் போயிருக்குது எண்டு இண்டைக்குத்தானே படிச்சனீங்கள்?" என்றாள் அக்கா. மறுபேச்சின்றிச் சாப்பிட்டேன்.

படுக்கப் போகும் முன் அம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். தீனிக் கணக்கைச் சொன்னேன்: கிலோவுக்கு ஒன்று பத்து, விற்றதை மட்டும் எண்ணினால் ஒன்றே கால். கூண்டைச் சொன்னேன், காமிராவைச் சொன்னேன், சுரங்கச் சாலையைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதெல்லாம் சரி. செவுளைத் தூக்கிப் பார்த்தாயா?"

"பார்த்தேன் அம்மா" என்றேன்.